பழைய டவுனும் நம்ம சங்கங்களும்: பினாங்குல திரும்பத் திரும்ப கேக்குற கேள்விங்க

ஞாயிற்றுக்கிழமை காலையில நாங்க நாலைஞ்சு பேரு ஜார்ஜ் டவுன் கடைத்தெரு பக்கம் நோட்டுப் புத்தகத்தைத் தூக்கிக்கிட்டு வீடு வீடா போறோம், யார் எந்த வருசத்துல இருந்து இருக்காங்க, என்ன தொழில் பண்றாங்கன்னு எழுதுறோம். போற இடமெல்லாம் டீ குடுப்பாங்க, டீயோட கேள்வியும் வரும். ஏறக்குறைய அதே கேள்விங்கதான் திரும்பத் திரும்ப வருது, அதனால கேட்டவங்க கேட்ட மாதிரியே எழுதி, எனக்குத் தெரிஞ்ச பதிலையும் போட்டுட்டேன். சிலதுக்குப் பதில் நீளமா போயிருச்சு, பொறுமையா படிங்க.

"நகரப் புத்தாக்கம் நகரப் புத்தாக்கம்னு சொல்றீங்களே, பழசை இடிச்சுட்டு கொண்டோ கட்டுறதுதானே அது?"

அதுவும் ஒரு வகைதான். நம்ம ஊர்லயே பெரிய உதாரணம் கொம்தார். 1974ல வேலை ஆரம்பிச்சு, நடு டவுன்ல பல தெருவை அப்படியே துடைச்சு எடுத்துட்டு 65 மாடி எழுப்புனாங்க. கிளாட்ஸ்டன் ரோடுன்னு ஒரு ரோடு இருந்துச்சுன்னு இன்னிக்குப் பிள்ளைங்ககிட்ட சொன்னா நம்பமாட்டாங்க.

ஆனா அந்த வார்த்தைக்கு அர்த்தம் அதைவிட பெருசு. 1969ல பினாங்குக்கு இருந்த ஃப்ரீ போர்ட், அதாவது வரியில்லாத் துறைமுகம்ங்கிற அந்தஸ்து போச்சு, துறைமுகத்தை நம்பி இருந்த வேலை குறைஞ்சுச்சு, அப்புறம் பாயான் லெப்பாஸ் பக்கம் ஃபேக்டரிங்க வந்துச்சு, பிள்ளைங்க எல்லாம் அங்கிட்டு தாமான்ல, அதாவது புதுக் குடியிருப்புல, வீடு வாங்கிட்டுப் போயிட்டாங்க, டவுன்ல கீழ கடை மட்டும் ஓடுது மேல் மாடி பூட்டிக் கெடக்குது, கூரை ஒழுகுது. இப்படி வாடிப்போன ஒரு ஏரியாவுக்குத் திரும்ப ஆளும் தொழிலும் வர்ற மாதிரி பண்ற எல்லாமே புத்தாக்கம்தான். இடிச்சும் பண்ணலாம், பழுது பார்த்து உள்ள இருக்கிறவங்களை வச்சுக்கிட்டும் பண்ணலாம். ரெண்டாவது வழியைப் பத்தித்தான் இந்தப் பக்கம் முழுக்க பேசப்போறேன்.

"தன்னார்வ அமைப்புன்னா யாரு யாரு? கோயில் கமிட்டியும் அதுல சேர்த்தியா?"

சேர்த்திதான், அதுல என்ன சந்தேகம். அரசாங்கமும் இல்லாம, லாபம் பார்க்குற கம்பெனியும் இல்லாம, ஆளுங்க தானா கூடி பண்ற எதுவுமே இதுல வரும். குடியிருப்பாளர் சங்கம், கோயில் கமிட்டி, பள்ளிவாசல் ஜமாத், சீனவங்க கொங்சி (அவங்க குலச் சங்கம்), முன்னாள் மாணவர் சங்கம், பாரம்பரியக் கட்டடத்துக்காகவே இருக்கிற அறக்கட்டளை, எல்லாம்.

தைப்பூசத்துக்கு தண்ணீர்ப் பந்தல் போடுறோமே, அதை யோசிச்சுப் பாருங்க. லைட்டுக்கு நகர கவுன்சில்ல அனுமதி வாங்கணும், ரோட்டோரம் இடம் பிரிக்கணும், அரிசி சேர்க்கணும், குப்பை அள்ளணும், ஆயிரக்கணக்கான பேருக்கு சோறு போடணும். இவ்வளவையும் சம்பளம் இல்லாம பண்ற ஆளுங்களுக்கு ஒரு தெருவோட பிரச்சினையைக் கையில எடுக்கத் தெரியாதா? தெரியும். அந்தத் திறமையை வருசத்துல மூணு நாளோட நிறுத்திக்கிறோம், அதுதான் எனக்கு ஆதங்கம்.

"இதெல்லாம் கவுன்சிலும் அரசாங்கமும் பார்க்க வேண்டிய வேலை. உங்களுக்கு என்னங்க இதுல?"

பார்க்க வேண்டியது அவங்கதான், ஒத்துக்கிறேன். ஆனா நம்ம ஊர்ல நடந்ததை வரிசையா பார்த்தா முதல்ல கத்துனது யாருன்னு தெரியும். 1969ல பினாங்கு பயனீட்டாளர் சங்கம் வந்துச்சு, தமிழ் முஸ்லிம் பெரியவர் எஸ்.எம்.முகமது இத்ரிஸ் 2019ல சாகுற வரைக்கும் அதை நடத்துனாரு. 1990 வாக்குல பினாங்கு மலையில பெருசா ஹோட்டல் அது இதுன்னு திட்டம் போட்டப்ப பல சங்கம் ஒன்னா சேர்ந்து எதிர்த்தாங்க, அந்தத் திட்டம் நடக்கல. 1986ல பினாங்கு ஹெரிடேஜ் டிரஸ்ட் ஆரம்பிச்சாங்க. பழைய கடைவீடு எல்லாம் வளர்ச்சிக்குத் தடைன்னு பேசிட்டு இருந்த காலம் அது.

2008 ஜூலை 7ல யுனெஸ்கோ ஜார்ஜ் டவுனையும் மலாக்காவையும் ஒன்னா உலகப் பாரம்பரியப் பட்டியல்ல சேர்த்துச்சு. அதுக்கு ஃபைல் போட்டது அரசாங்கம், ஆனா போடுறதுக்கு ஒரு டவுன் மிச்சம் இருந்துச்சே, அதுக்கு இருபது வருசம் முன்னாடியே கத்துன ஆளுங்க காரணம். சம்பளம் வாங்காதவங்க, மாலையில வேலை முடிஞ்சு வந்து மீட்டிங் போட்டவங்க. அரசாங்கம் தேர்தலுக்குத் தேர்தல் மாறும், ஆபீசர் மாற்றலாகிப் போவாரு, ஒரு தெருவோட கதையை முப்பது வருசம் ஞாபகம் வச்சிருக்கிறது அந்தத் தெருவுல இருக்கிற சங்கம்தான்.

"யுனெஸ்கோ வந்துதானே வாடகை ஏறுச்சு, ஆளுங்க வெளியேறுனாங்க? அப்போ இந்த ஹெரிடேஜ்காரங்களாலதானே வினை?"

பாதி சரி, பாதி தப்பு. ஆளுங்க வெளியேறுனது ரெண்டு தடவை. முதல் தடவை யுனெஸ்கோவுக்கு ரொம்ப முன்னாடி. 1948 ஜனவரி 31க்குள்ள கட்டுன கட்டடத்துக்கெல்லாம் 1966 வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் இருந்துச்சு, வீட்டுக்காரர் இஷ்டத்துக்கு வாடகை ஏத்த முடியாது, ஆளைக் கிளப்ப முடியாது. அந்த மாதிரி வீடு நாட்டுலேயே அதிகமா இருந்தது பினாங்குலதான், 12,000க்கும் மேல. 1997ல அந்தச் சட்டத்தை எடுக்க முடிவு பண்ணாங்க, கொஞ்ச அவகாசம் குடுத்து 2000 ஜனவரி 1ல இருந்து முழுசா போயிருச்சு. அம்பது வெள்ளி (ரிங்கிட்) நூறு வெள்ளி குடுத்துக்கிட்டு மூணு தலைமுறையா இருந்த குடும்பம், திடீர்னு பல மடங்கு வாடகைன்னு சுராட் (கடிதம்) வந்தா என்ன பண்ணும்? மூட்டையைக் கட்டுச்சு. பூக்கடை, தையக்கடை, பத்தர் பட்டறை எல்லாம் அதுல போனதுதான். காலியான வீட்டுல பலபேரு சூப்புக்கு விக்கிற பறவைக்கூடு வளர்த்தாங்க, ஜன்னலை அடைச்சு ஸ்பீக்கர்ல குருவி சத்தம் போட்டு, ஞாபகம் இருக்கா? அந்தச் சமயத்துல வாடகைக்காரங்களே கூடி எஸ்ஓஎஸ்னு ஒரு அமைப்பு வச்சு போராடுனாங்க.

ரெண்டாவது தடவை 2008க்கு அப்புறம், கஃபே, பூட்டிக் ஹோட்டல், ஏர்பிஎன்பி. இதுல யுனெஸ்கோ பேருக்குப் பங்கு இருக்கு, இல்லேன்னு நான் சொல்லமாட்டேன். ஆனா அந்தப் பட்டியல் இல்லேன்னா என்ன ஆயிருக்கும்னும் பாக்கணும். கோர் ஸோன் 109 ஹெக்டரு, அதைச் சுத்தி பஃபர் ஸோன் 150 ஹெக்டரு, ரெண்டுலயும் உயரம் 18 மீட்டருக்கு மேல போகக் கூடாது. அந்த வரம்பு இல்லேன்னா வாடகை ஏறுறதுக்கு வீடே இருந்திருக்காது, நிலத்து விலைக்கு டவர்தான் நின்னிருக்கும்.

"திங் சிட்டி என்ஜிஓவா? ஜிடிடபிள்யூஎச்ஐ என்ஜிஓவா?"

ரெண்டும் இல்ல. திங் சிட்டி 2009ல கஸானா ஆரம்பிச்ச கம்பெனி, அதாவது மத்திய அரசாங்கத்தோட முதலீட்டு நிதியோட பிள்ளை. பழைய வீடு பழுது பார்க்க, தெருவைச் சீர் பண்ண, பொது மக்களுக்கும் சங்கங்களுக்கும் மானியம் குடுத்தாங்க. ஜார்ஜ் டவுன் வேர்ல்ட் ஹெரிடேஜ் இன்கார்ப்பரேட்டட் 2010ல மாநில அரசாங்கம் வச்சது. நல்ல வேலை பண்றாங்க, கூட வேலை செய்யலாம். ஆனா அவங்க முதலாளி அரசாங்கம், நம்ம முதலாளி தெரு. இதை மறந்துட்டா கூட்டத்துல யாரு யாருக்காகப் பேசுறோம்னே தெரியாமப் போயிரும்.

"சிமெண்ட் பூசாதீங்க, சுண்ணாம்புதான் பூசணும்னு ஏன் உயிரை வாங்குறீங்க? சிமெண்ட்தானே ஸ்ட்ராங்?"

ஸ்ட்ராங்கா இருக்கிறதுதான் பிரச்சினை. பழைய கடைவீட்டுச் செங்கல் மென்மையானது, அடியில ஈரம் தடுக்கிற எந்த அடுக்கும் இல்ல, டவுன் இருக்கிறதோ கடலோரம். தரையில இருந்து தண்ணி சுவத்துல ஏறிக்கிட்டேதான் இருக்கும். சுண்ணாம்புப் பூச்சுன்னா அந்த ஈரம் வெளிய வந்து காத்துல போயிரும். சிமெண்ட் வச்சு மூடிட்டா வெளிய வர வழியில்ல, இன்னும் மேல ஏறும், ஒரு ஆள் உயரம்கூட ஏறும். தண்ணியோட வந்த உப்பு உள்ளேயே பூத்து செங்கல்லைத் தின்னும், உத்திரம் செருகுன இடத்துல மரம் உளுத்துரும்.

போன வருசம் ஒரு தையக்கடையில காட்டுனாங்க. பத்து வருசத்துக்கு முன்னாடி பூசுன சிமெண்ட், தட்டுனா டொக் டொக்குன்னு வெத்துச் சத்தம். நம்ம ஆளு ஒருத்தர் உளியை வச்சு லேசா நெம்புனாரு, ஒரு தாம்பாளம் அளவுக்கு சிமெண்ட் அப்படியே பெயர்ந்து விழுந்துச்சு, பின்னாடி செங்கல் இல்ல, செவப்பு மாவுதான் இருந்துச்சு, விரலை வச்சா உள்ள போகுது. கடைக்கார அக்கா வாயில கைய வச்சுட்டாங்க. மூணு பங்கு மணலுக்கு ஒரு பங்கு ஊறவச்ச சுண்ணாம்புன்னு கலந்து, மெலிசு மெலிசா மூணு தடவை பூசி, நனைச்ச சாக்கு தொங்கவிட்டு மெதுவா காயவிட்டாங்க. நேரம் எடுக்கும், ஆனா அது மூச்சு விடும். நம்ம தாத்தாமாருக்கு இது புதுசா என்ன, செட்டிநாட்டு வீட்டுச் சுவரெல்லாம் சுண்ணாம்புதானே, கடுக்காயும் வெல்லமும் முட்டை வெள்ளையும் போட்டுக் கலந்ததைத்தானே பெருமையா சொல்லிக்கிறோம்.

இதுல சங்கத்துக்கு என்ன வேலைன்னா, பூசத் தெரிஞ்ச கை குறைஞ்சுக்கிட்டே வருது. கவுன்சில் விதி போடும், விதிப்படி பூச ஆளு வேணுமே. வயசான கைவினைக்காரர்கிட்ட சின்னப் பிள்ளைங்களை உட்கார வச்சுக் கத்துக்குடுக்கிற திட்டத்தை ஹெரிடேஜ் டிரஸ்ட் மாதிரி அமைப்புங்கதான் கையில எடுத்தாங்க.

"நீங்க எல்லாம் கட்டடத்தைத்தான் காப்பாத்துறீங்க. உள்ள இருக்கிற ஆளை யாரு காப்பாத்துறா?"

இந்தக் கேள்விதான் எனக்குத் தூக்கம் கெடுக்கிற கேள்வி. கேட்டது மாலை கட்டுற ஒரு அம்மா. அவங்க கடைன்னு சொல்றது காக்கி லிமாவுல, அதாவது கடை முன்னாடி இருக்கிற கூரை போட்ட நடைபாதையில, மாடிப்படிக்குக் கீழ இருக்கிற மூணடி இடம். ஒரு மரப்பலகை, ஒரு வாளித் தண்ணி, வாழைநார்க் கட்டு, மேல ஒரு ஆணியில முருகன் காலண்டர். முப்பத்தஞ்சு வருசமா அங்கதான். கடையை வாடகைக்கு எடுத்தவரு ஒருத்தரு, அவருகிட்ட இருந்து முன்பக்கத்தை எடுத்தவரு இன்னொருத்தரு, அவருக்கு மாசம் கையில காசு குடுத்து இந்த அம்மா உட்கார்ந்திருக்காங்க. அந்தக் கட்டடத்தைப் பத்தி ஃபைல்ல எல்லாம் இருக்கு, ஜன்னல் எந்தக் காலத்து ஸ்டைலு, கூரை ஓடு எந்த மாதிரி, எல்லாம். அந்த அம்மா பேரு எந்தப் பேப்பர்லயும் இல்ல. கட்டடத்தைப் பழுது பார்க்கணும்னு ஆறு மாசம் மூடுனா, கட்டடம் அழகா திரும்பி வரும், அம்மா வரமாட்டாங்க, வரமாட்டாங்கன்னு யாருக்கும் தெரியக்கூட தெரியாது.

சட்டம் செங்கல்லைப் பாதுகாக்குது. ஆளைப் பாதுகாக்க இப்போதைக்கு சட்டத்துல பெருசா ஒன்னும் இல்ல, அதனால அந்த இடத்துலதான் தன்னார்வ அமைப்பு நிக்கணும்னு நான் நெனைக்கிறேன், மத்ததெல்லாம் அப்புறம். நிக்கிறதுன்னா என்ன? முதல்ல யார் இருக்காங்கன்னு எழுதி வைக்கிறது. அதுக்குத்தான் அந்த நோட்டு. ரெண்டாவது, வீட்டுக்காரரோட பேசுறது. ஜார்ஜ் டவுன்ல நிறைய சொத்து கொங்சி, வக்ஃபு, சர்ச், கோயில் மாதிரி ஆளுங்க கையில இருக்கு, அவங்களும் நம்மள மாதிரி ஒரு கமிட்டிதான். பழுதுச் செலவுல பாதிக்கு மானியம் தேடித் தர்றோம், அதுக்குப் பதிலா இத்தனை வருசம் வாடகையை இவ்வளவுக்கு மேல ஏத்தாதீங்க, வேலை நடக்குறப்ப பக்கத்துல இடம் குடுங்க, முடிஞ்சதும் இதே ஆளைக் கூப்பிடுங்கன்னு எழுத்துல வாங்கணும். வாய் வார்த்தை வேணாம், எழுத்துல.

எல்லாத் தடவையும் ஜெயிக்குமா? இல்ல. பாதிக்கு மேல தோத்துருக்கோம். ஆனா அந்த அம்மா விசயத்துல, வேலை நடக்குறப்ப எதிர்க் காக்கி லிமாவுல பலகை போட்டு உட்கார வச்சோம், இப்போ பழைய இடத்துலேயே இருக்காங்க.

"அப்போ கம்போங் புவா பாலாவை ஏன் யாராலயும் காப்பாத்த முடியல?"

குளுகோர் பக்கம் மாடு வளர்த்துக்கிட்டு இருந்த நம்ம ஆளுங்க கம்போங், ஹை சப்பரல்னு கூட சொல்லுவாங்க. 2009ல கூட்டரசு நீதிமன்றம் வரைக்கும் போய்த் தோத்து, அந்த வருசம் செப்டம்பர்ல இடிச்சுட்டாங்க. பலபேருக்கு டெவலப்பர் மாத்து வீடு குடுக்க ஒத்துக்கிட்டாரு. ஆனா மாட்டுக் கொட்டகையும் மாமரமும் கோயில் திருவிழாவும் சேர்ந்த ஒரு ஊரை லிங்க் வீட்டுல, வரிசை வீட்டுல வைக்க முடியாது.

நான் அதுல படிச்ச பாடம் நேரம் சம்பந்தப்பட்டது. பத்திரிகை வந்துச்சு, அரசியல்வாதி எல்லாக் கட்சியில இருந்தும் வந்தாங்க, சங்கங்கள் வந்துச்சு, ஆனா எல்லாரும் வந்தப்போ நிலம் கைமாறி முடிஞ்சிருச்சு. நிலம் யாரு பேர்ல இருக்கு, என்ன வகை, ஏதாவது விண்ணப்பம் நடக்குதான்னு நிலத்து ஆபீசுல பத்து வருசத்துக்கு முன்னாடியே யாராவது தேடிப் பார்த்திருக்கணும். கிராண்ட், அதாவது நிலப் பத்திரம், தேடுறது கூட்டம் போடுற மாதிரி உணர்ச்சியான வேலை இல்ல, யாரும் படம் எடுத்துப் போடமாட்டாங்க. அந்த வேலைதான் முக்கியம். உங்க கம்போங்குக்கோ கோயில் நிலத்துக்கோ இந்தத் தேடல் பண்ணலேன்னா இந்த மாசமே பண்ணுங்க.

"ஹெரிடேஜ் ஸோனுக்கு வெளிய இருந்தா எங்களுக்கு எந்தப் பாதுகாப்பும் இல்லையா?"

ரொம்பக் கம்மி. 2016 பிப்ரவரியில, சீனப் பெருநாள் சமயத்துல, ஜாலான் சுல்தான் அகமது ஷாவுல ரன்னிமீட் ஹோட்டல் வளாகத்துல பழைய கட்டடங்களை இடிச்சாங்க, ஸோனுக்கு வெளிய இருந்த இடம் அது, ஊரே கொதிச்சுச்சு, இடிச்சது இடிச்சதுதான். பழைய அனுமதி ஒன்னு பல வருசமா ஃபைல்ல உயிரோட இருந்துருக்கு. அதனாலதான் மேல சொன்ன மாதிரி முன்கூட்டியே தேடுறது. 2005 தேசியப் பாரம்பரியச் சட்டத்துல தனிக் கட்டடத்தைப் பதிய வழி இருக்கு, அதுக்கும் யாராவது ஆவணம் சேர்த்து விண்ணப்பிக்கணும்.

"கோலாலம்பூர்ல கதை எப்படி?"

அங்க நிலத்து விலை வேற, வேகம் வேற. நல்லதுல இருந்து ஆரம்பிக்கிறேன். சென்ட்ரல் மார்க்கெட் தெரியும்ல, 1888ல இருந்து சந்தை, இப்போ இருக்கிற கட்டடம் 1930கள்ல வந்தது. 1980கள்ல அதை இடிக்கிற பேச்சு வந்துச்சு, பாடான் வாரிசான் மாதிரி பாரம்பரிய ஆர்வலருங்க எதிர்த்து நின்னாங்க, 1986ல கைவினைக் கடையா திரும்பத் திறந்தாங்க. தோத்ததும் உண்டு, ஜாலான் அம்பாங்ல இருந்த போக் ஹவுஸ்ங்கிற பழைய மாளிகை 2006 டிசம்பர்ல போச்சு.

நம்ம ஆளுங்களுக்கு நெருக்கமானது பிரிக்ஃபீல்ட்ஸ். 2010 அக்டோபர்ல இந்தியப் பிரதமர் மன்மோகன் சிங் வந்து லிட்டில் இந்தியா திறப்பு விழா, வளைவு, நீரூற்று எல்லாம் வந்துச்சு. அதே பிரிக்ஃபீல்ட்ஸ்ல ரயில்வே ஆளுங்க தலைமுறை தலைமுறையா இருந்த நூறு குவார்ட்டர்ஸ் இப்போ இல்ல. வளைவு வச்சா லிட்டில் இந்தியா ஆயிராது, இருந்தவங்க இருந்தாத்தான். 2014ல விவேகானந்தா ஆசிரம நிலத்துல அடுக்குமாடி வரப்போகுதுன்னு தெரிஞ்சப்ப ஜனங்க தெருவுல இறங்கி மெழுகுவத்தி ஏத்துனாங்க, கையெழுத்து வாங்குனாங்க, கட்டடம் தப்பிச்சுச்சு. அதுல எனக்குப் பிடிச்சது என்னன்னா, ஆசிரமத்தை நடத்துனதும் ஒரு தன்னார்வ அறவாரியம்தான், எதிர்த்ததும் தன்னார்வ ஆளுங்கதான். அறவாரியத்துக்குப் பணம் வேணும், ஊருக்குக் கட்டடம் வேணும். ரெண்டு பக்கமும் கெட்டவங்க இல்ல. நம்ம கோயில், நம்ம சங்கம்னு வர்றப்ப இந்த இழுபறி நமக்குள்ளேயே வரும், தயாரா இருக்கணும்.

"கியாரா கேஸ்ல சங்கக்காரங்க ஜெயிச்சாங்க. ஆனா எஸ்டேட்ல இருந்து வந்த நம்ம ஜனங்களுக்கு வீடு போச்சே?"

கஷ்டமான கேள்வி, நேராவே பதில் சொல்றேன். தாமான் ரிம்பா கியாரா, தாமான் துன் டாக்டர் இஸ்மாயில் பக்கத்துப் பூங்கா. அங்க உயரமான கொண்டோ கட்ட அனுமதி குடுத்தாங்க, குடியிருப்பாளருங்க வழக்குப் போட்டாங்க, முதல்ல தோத்து, 2021ல மேல்முறையீட்டுல ஜெயிச்சு, 2023 ஏப்ரல் 18ல கூட்டரசு நீதிமன்றமும் அந்த அனுமதி செல்லாதுன்னு சொல்லிருச்சு. ஆனா அதே இடத்துல பழைய புக்கிட் கியாரா எஸ்டேட் தொழிலாளர் குடும்பங்க சுமார் நூறு, 1980களின் ஆரம்பத்துல இருந்து ரூமா பாஞ்சாங்ல, தற்காலிகம்னு சொல்லி வச்ச லயம் மாதிரி வீட்டுல, நிரந்தர வீட்டுக்குக் காத்துக்கிட்டு இருந்தாங்க. அந்தக் கொண்டோ திட்டத்தோடதான் அவங்களுக்குக் குடுக்க வேண்டிய வீட்டையும் முடிஞ்சு வச்சிருந்தாங்க. திட்டம் போனா வீடும் தள்ளிப் போகுது.

பூங்காவுக்குப் போராடுனவங்க, ரூமா பாஞ்சாங் இருக்கிற நிலத்துலேயே அவங்களுக்கு மட்டும் வீடு கட்டுங்க, பூங்காவைத் தொடாதீங்கன்னு சொன்னாங்க. நியாயமான பேச்சு. ஆனா நாப்பது வருசம் காத்திருந்த பாட்டிக்கு அது கோர்ட்டுல ஜெயிச்சவன் சொல்ற ஆறுதலாத்தான் கேக்கும். என் கருத்து, ஏழைக்கு வீட்டையும் பணக்காரக் கொண்டோவையும் ஒரே முடிச்சுல போடுறதுதான் தப்பு. அந்த முடிச்சைப் பார்த்த உடனே, வழக்குக்கு முன்னாடியே, ரெண்டு சங்கமும் ஒரே மேசையில உட்கார்ந்திருந்தா கதை வேற மாதிரி போயிருக்கலாம். வசதியான தாமான் சங்கத்துக்கு வக்கீல் கெடைக்கும், இங்கிலீஷ் தெரியும், பத்திரிகையில ஆள் தெரியும். அதெல்லாம் இல்லாத பக்கத்து வீட்டுக்காரருக்கும் அதைப் பயன்படுத்தணும்.

"ஆட்சேபம் பண்ணணும்னா எங்க, எத்தனை நாளைக்குள்ள?"

பினாங்குல 1976 நகர கிராமத் திட்டச் சட்டம். லோக்கல் ப்ளான் (எந்த நிலத்துல என்ன கட்டலாம்னு சொல்ற திட்டம்) இல்லாத இடத்துல யாராவது கட்ட விண்ணப்பிச்சா, பக்கத்து நிலத்துச் சொந்தக்காரருக்கு கவுன்சில் நோட்டீஸ் அனுப்பணும், 21 நாளைக்குள்ள ஆட்சேபம் எழுதிக் குடுக்கலாம், கூப்பிட்டு விசாரிக்கச் சொல்லியும் கேக்கலாம். கோலாலம்பூருக்கு அந்தச் சட்டம் இல்ல, 1982ல வந்த கூட்டரசுப் பிரதேசத் திட்டச் சட்டம் தனியா இருக்கு, அதை வச்சுதான் டிபிகேஎல், அதாவது கோலாலம்பூர் மாநகர மன்றம், நடக்கும்.

இதுல கவனிங்க, நோட்டீஸ் போறது சொந்தக்காரருக்கு, வாடகைக்காரருக்கு இல்ல. சொந்தக்காரர் ஆஸ்திரேலியாவுல இருப்பாரு, சுராட் தபால் பெட்டியில கெடக்கும், 21 நாள் ஓடிரும். அதனால தெருவுல ஒரு ஆளாவது நோட்டீஸ் போர்டையும் விண்ணப்பத்தையும் பார்த்துக்கிட்டே இருக்கணும். எழுதுறப்ப "எங்களுக்குப் பிடிக்கல"ன்னு எழுதாதீங்க. உயரம், வழி, வடிகால், போக்குவரத்து, பக்கத்துச் சுவர் விரிசல்னு குறிப்பா எழுதுங்க, போட்டோ ஒட்டுங்க. 200 பேரு ஒரே லெட்டர்ல கையெழுத்துப் போடுறதைவிட, பத்து பேரு அவங்கவங்க வீட்டுப் பிரச்சினையைத் தனித்தனியா எழுதுறது கனமா இருக்கும்.

"சங்கம் பதியணும்னா என்ன பண்ணணும்? ரொம்பத் தொல்லையா?"

ஏழு பேரு வேணும், சட்டவிதி எழுதணும், ஆர்ஓஎஸ்ல, அதாவது சங்கப் பதிவு இலாகாவுல, பதியணும், ஆன்லைன்லேயே பண்ணலாம். 1966 சங்கங்கள் சட்டம். பதியுறது ஈசி, காப்பாத்துறதுதான் கஷ்டம், ஆண்டுக் கூட்டம் முடிஞ்ச 60 நாளைக்குள்ள கணக்கும் அறிக்கையும் அனுப்பணும். இதை விட்டுட்டுத்தான் நம்ம சங்கங்கள் பாதி மூடிப்போகுது, அதுவும் ஒரு நல்ல விசயம் பண்ண ஆரம்பிக்கிற நேரத்துல. செயலாளரா கணக்குல ஒழுங்கான ஒரு பிள்ளையைப் போடுங்க, பேச்சாளரை வேணாம்.

"பணம்? டெவலப்பர் நன்கொடை குடுத்தா வாங்கலாமா?"

மானியம், உறுப்பினர் சந்தா, கோயில் உபயம் மாதிரி உபயக்காரர், இப்படித்தான் வரும். வருமான வரிச் சட்டம் 44(6)ல அங்கீகாரம் வாங்கிட்டா குடுக்கிறவங்களுக்கு வரிக்கழிவு கெடைக்கும், ஆனா அதுக்குக் கணக்கு சுத்தமா இருக்கணும்.

டெவலப்பர் பணத்தைப் பத்தி என் முடிவு: உங்க தெருவுல விண்ணப்பம் போட்டிருக்கிறவர்கிட்ட, இல்ல போடப்போறவர்கிட்ட, ஒரு காசு வாங்காதீங்க. தீபாவளி விருந்துக்குக் கூட. அப்புறம் அவரு திட்டத்துக்கு எதிரா ஒரு வரி எழுத கை வராது, எழுதுனாலும் ஊரு நம்பாது. மத்த எந்தப் பணம் வந்தாலும் யாருகிட்ட இருந்து எவ்வளவுன்னு கோயில் போர்டுல ஒட்டுங்க.

"புதுச் சட்டம் வருதாமே, எல்லாரும் ஒத்துக்காம இருந்தாலும் ஃப்ளாட்டை எடுத்துருவாங்களாமே?"

2025 ஆகஸ்ட்ல மக்களவையில நகரப் புதுப்பிப்பு மசோதாவைத் தாக்கல் பண்ணாங்க. ஸ்ட்ராட்டா சட்டப்படி (அடுக்குமாடி வீட்டு உரிமைக்கான சட்டம்) மொத்த ஃப்ளாட்டையும் கலைக்க எல்லாரும் ஒத்துக்கணும். அந்த மசோதாவுல, 30 வருசத்துக்கு உள்ள கட்டடம்னா 80 சதவீதம் பேரு, 30 தாண்டுனா 75 சதவீதம், கைவிடப்பட்ட கட்டடம்னா 51 சதவீதம் ஒத்துக்கிட்டா போதும்னு இருந்துச்சு. இடிஞ்சு விழுற நிலையில இருக்கிற ஃப்ளாட்டை ஒரே ஒருத்தர் தடுத்து வைக்கக் கூடாதுன்னு ஒரு பக்கம், வயசானவங்க ஒத்துக்காமலேயே வீட்டை விட்டுப் போக வேண்டியிருக்கும்னு இன்னொரு பக்கம், ரெண்டுலயும் விசயம் இருக்கு.

எந்தச் சட்டம் எப்போ எந்த வடிவத்துல வந்தாலும் உங்க ஃப்ளாட்டுக்கு வேண்டியது ஒன்னுதான், உயிரோட இருக்கிற ஒரு நிர்வாகக் குழு. கூட்டத்துக்கே ஆள் வராத ஃப்ளாட்டுல டெவலப்பரோட ஏஜெண்ட் ஒவ்வொரு கதவா தட்டி ஒவ்வொருத்தருக்கும் ஒரு விலை சொல்லுவாரு. கூடிப் பேசுற ஃப்ளாட்டுல அவரு எல்லாருக்கும் முன்னாடி ஒரே விலைதான் சொல்ல முடியும், மாத்து வீடு எத்தனை சதுர அடி, இடையில எங்க தங்குறது, மெயிண்டெனன்ஸ் எவ்வளவு ஏறும்னு எழுத்துல கேக்கலாம். கேக்குறதுக்கு ஒரு வக்கீலும் ஒரு மதிப்பீட்டாளரும் கூட இருந்தா இன்னும் நல்லது, இலவசமா வந்து உதவ ஆளுங்க இருக்காங்க, தேடணும்.

"எங்க அப்பா கடைக்கு ரசீதே இல்ல. நாப்பது வருசமா கையில குடுத்துக்கிட்டு வந்தோம். இப்போ வீட்டுக்காரர் மகன் யாரு நீங்கன்னு கேக்குறான். என்ன பண்றது?"

தம்பி, முதல்ல கோபத்துல சண்டை போட்டுட்டு வெளிய வந்துராதீங்க, சாவியும் குடுத்துராதீங்க. இந்த மாச வாடகையை கையில குடுக்காம பேங்க்ல போடுங்க, குறிப்புல எந்த மாச வாடகை, எந்த முகவரின்னு எழுதுங்க. பேங்க் நம்பர் தரமாட்டேன்னா வாட்சாப்ல கேட்டு அந்த மெசேஜை அழிக்காம வச்சுக்குங்க.

அப்புறம் வீட்டுல உட்கார்ந்து பழைய பெட்டியை எல்லாம் தெறக்கணும். ரசீது இல்லாட்டியும் அந்த முகவரி இருக்கிற பேப்பர் எவ்வளவோ இருக்கும். அப்பா பேர்ல கவுன்சில் லைசன்ஸ், கரண்ட் பில், தண்ணி பில், பிசினஸ் பதிவு, உங்க பள்ளிக்கூட ரிப்போர்ட் கார்டு, தங்கச்சி கல்யாணப் பத்திரிகையில போட்ட முகவரி, தேர் வர்றப்ப கடை வாசல்ல எடுத்த படம், கோயில் உபய ரசீது. ஒரு குடும்பம் எண்பதுகள்ல எடுத்த தீபாவளிப் படம் ஒன்னு கொண்டு வந்தாங்க, அப்பா பிள்ளைகளோட நிக்கிறாரு, பின்னாடி கடைப் பலகையும் கதவு நம்பரும் தெளிவா தெரியுது, அந்தப் படத்தைப் பார்த்த பிறகுதான் வீட்டுக்காரரோட வக்கீல் உட்கார்ந்து பேசவே ஒத்துக்கிட்டாரு. பக்கத்துக் கடை பெரியவர் ஒருத்தர் உயிரோட இருந்தா அவரைக் கூட்டிக்கிட்டுப் போய் கமிஷனர் ஃபார் ஓத்ஸ் முன்னாடி சத்தியப் பிரமாணம் எழுதி வாங்குங்க, அவருக்கு உடம்பு நல்லா இருக்கும்போதே.

எல்லாத்தையும் ரெண்டு காப்பி எடுத்து ஒன்னை எங்ககிட்ட குடுங்க, நோட்டுல உங்க கதவு நம்பருக்கு நேரா சேர்த்துடுறோம். ஒரிஜினலை மட்டும் யாருகிட்டயும் குடுக்காதீங்க, எங்ககிட்டயும்தான்.